முற்றுப்புள்ளி அளவே உள்ள சிலந்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலந்தி என்றதும் சுவர் மூலையும் அங்கே தொங்கும் வலையும் நினைவுக்கு வரும். வெறும் கண்ணுக்குத் தூசியாகத் தெரியும் சிலந்திகளும் உலகில் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றியும் அதன் குடும்பத்தைப் பற்றியும் கேட்கப்படும் கேள்விகள் இவை. "எவ்வளவு சிறியது?" என்று தொடங்குபவர்கள் சற்று நேரத்தில் "அப்படியானால் அதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது?" என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். இரண்டாவது கேள்வியில் அறிஞர்கள் ஒரு நூற்றாண்டாக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தச் சிலந்தி இது? எங்கே வாழ்கிறது?

இதன் அறிவியல் பெயர் பாட்டு டிகுவா. தென் அமெரிக்காவில், கொலம்பியாவின் மேற்குப் பகுதியிலுள்ள வாயே தெல் காவ்கா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே கெரெமால் என்ற ஊருக்கு அருகே டிகுவா ஆற்றுப் பகுதியில் கிடைத்த மாதிரிகளை வைத்து, 1977-இல் ரேமண்ட் ஃபார்ஸ்டரும் நார்மன் பிளாட்னிக்கும் இதை முதன்முதலாக விவரித்தார்கள். ஃபார்ஸ்டர் நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஒடாகோ அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். பிளாட்னிக் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். பின்னாளில் உலகின் சிலந்திகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்த பெரும்பணி பிளாட்னிக்குடையது.

எவ்வளவு சிறியது?

ஆணின் உடல் நீளம் சுமார் 0.37 மி.மீ. அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் இரண்டு ஆண்களைத் தலைக்குப் பின் தலையாக நிறுத்திய பிறகும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அச்சிட்ட புத்தகத்தில் உள்ள முற்றுப்புள்ளி ஏறத்தாழ இந்த அளவுதான். அந்தப் புள்ளிக்குள் எட்டுக் கால்கள், கண்கள், நச்சுச் சுரப்பி, நூல் சுரக்கும் உறுப்புகள், இதயம், மூளை எல்லாம் அடங்கியிருக்கின்றன. மறுமுனையில், கோலியாத் சிலந்தி எனப்படும் தெரஃபோசா பிளாண்டியின் கால்விரிவு 28 செ.மீ. வரை போகும். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த விலங்குகள்.

உலகின் மிகச் சிறிய சிலந்தி இதுதானா?

ஆண்களை மட்டும் அளந்தால், பெரும்பாலான நூல்கள் பாட்டு டிகுவாவைத்தான் சொல்கின்றன. அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது அதே பேரினத்தின் பாட்டு மார்ப்ளெசி. சமோவாவின் உப்போலு தீவில் பாசியில் கிடைத்த அதன் ஆண் 0.43 மி.மீ. இருந்தது. சமோவா பாசிச் சிலந்தி என்று அதைக் குறிப்பிடுவதும் உண்டு.

பெண்களை அளந்தால் வரிசை மாறுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டிலிருந்து 1993-இல் லியோன் பேர்ட்டும் ருடி ஜோக்கேயும் விவரித்த அனாபிஸ்டுலா கேகுலாவின் பெண் அரை மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. அதுவரை அறியப்பட்ட பெண் சிலந்திகளில் அதுவே மிகச் சிறியது என்று அவர்கள் அறிவித்தார்கள். அந்த விவரிப்பு பெண்களை மட்டுமே வைத்து எழுதப்பட்டது. வலை பின்னும் சிலந்திகளில் ஆண் பெண்ணைவிடச் சிறியதாக இருப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் கேகுலாவின் ஆண் டிகுவாவையும் விஞ்சக்கூடும்.

இந்தப் பட்டத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. சிலந்தியின் வயிறு மென்மையானது. உண்டால் உப்பும், பட்டினியில் சுருங்கும், சாராயத்தில் கிடந்தால் சற்றே உருமாறும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு வித்தியாசத்துக்காக ஒன்றை முதலிடத்திலும் மற்றொன்றை இரண்டாமிடத்திலும் வைப்பதைவிட, இந்த மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற செய்திதான் கவனிக்க வேண்டியது.

இவ்வளவு சிறியது குஞ்சாக இருக்கக் கூடாதா? வளர்ந்த சிலந்தி என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மிக நியாயமான சந்தேகம். சிலந்திகள் பலமுறை தோலுரித்து வளர்கின்றன. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் இனப்பெருக்க உறுப்புகள் முழுமையாக உருவாகின்றன. ஆணுக்கு வாயின் இரு பக்கமும் பெடிபால்ப் எனப்படும் குட்டையான உணர்கால்கள் உண்டு. முதிர்ந்த ஆணில் அவற்றின் நுனி உருண்டு, உள்ளே குழலும் முள்ளுமாக ஒரு சிக்கலான கருவி ஆகியிருக்கும். விந்தணுவைப் பெண்ணிடம் சேர்ப்பது அதுதான். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் அதற்குரிய அமைப்பு தோன்றியிருக்கும். அந்த உறுப்பு இருந்தால் அது வளர்ந்த விலங்கு, இல்லாவிட்டால் குஞ்சு.

சிலந்திச் சிற்றினங்களைப் பிரித்தறிய முதலில் பார்க்கப்படுவதும் இதே உறுப்பைத்தான். நிறமும் கோடுகளும் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மாறலாம். இந்த உறுப்பின் வடிவம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அதனால், குஞ்சு மட்டும் கையில் கிடைத்தால் அனுபவமுள்ள சிலந்தியியலாளர்கூடப் பெரும்பாலும் குடும்பத்தோடோ பேரினத்தோடோ நின்றுவிடுவார்.

பெயருக்கு என்ன பொருள்?

டிகுவா என்பது ஆற்றின் பெயர். மார்ப்ளெசி என்பது பிரையன் ஜான் மார்ப்ளெஸ் என்ற விலங்கியலாளரைச் சிறப்பிக்க வைத்த பெயர். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர்தான் 1951-இல் பாட்டு என்ற பேரினத்தையே உருவாக்கியவர். பிஜித் தீவுகளின் பாட்டு விட்டியென்சிஸ் அதன் அடையாளச் சிற்றினம், அதாவது பேரினத்துக்கே முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது. ஒலிக்காக இதைத் தமிழில் "பாட்டு" என்று எழுதுகிறோம். நாம் பாடும் பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை.

வகைப்பாட்டில் இதன் இடம் எது?

மேலிருந்து கீழே இறங்கிவருவோம். விலங்குலகில் கணுக்காலிகள் தொகுதி. அதில் தேள், உண்ணி, சிலந்தி எல்லாம் அடங்கும் அரக்னிடா வகுப்பு. அதற்குள் அரனியே எனப்படும் சிலந்தி வரிசை. இந்த வரிசைக்குள் தாடை எந்தத் திசையில் அசைகிறது என்பது ஒரு பெரிய பிரிவுக்கோடு. டரன்டுலா வகையினருக்கு நச்சுப்பற்கள் ஒன்றுக்கொன்று இணையாக, மேலிருந்து கீழாகக் குத்தும். நம் சிலந்தி உட்பட, உலகின் பெரும்பான்மைச் சிலந்திகளுக்கு அவை இடுக்கிபோல் எதிரெதிராகக் கூடும். அந்தப் பிரிவுக்குள் வட்டவலை பின்னுவோரின் பெருங்குடும்பமான அரனியாய்டியா, அதற்குள் சிம்ஃபைட்டோக்னாதிடே குடும்பம், பாட்டு பேரினம், டிகுவா சிற்றினம்.

பட்டியலாகச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். மேல்படிகளில் இன்று பெரிய தகராறு இல்லை. குடும்பத்தின் படியில்தான் அடுத்தடுத்த கேள்விகள் எழுகின்றன.

சிம்ஃபைட்டோக்னாதிடே என்ற நீண்ட பெயர் எதைக் குறிக்கிறது?

கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. "ஒட்டி வளர்ந்த தாடை" என்று பொருள். பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. பெரும்பாலான மற்றச் சிலந்திகளுக்கு கெலிசெரா எனப்படும் நச்சுத்தாடைகள் இரண்டும் தனித்தனியாக அசையும். இந்தக் குடும்பத்தில் அவை நடுக்கோட்டில் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன.

மற்ற அடையாளங்கள் பெரும்பாலும் இல்லாமைகள். பெண்ணுக்குப் பெடிபால்ப் கிடையாது. அது இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். சிலந்திகளுக்கு வழக்கமாக உள்ள புத்தக நுரையீரல் இல்லை; மூச்சுக்குழல்கள் அந்த வேலையைச் செய்கின்றன. பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள் என்றால், இவற்றுக்குப் பொதுவாக ஆறு. அனாபிஸ்டுலா பேரினத்தில் அதுவும் நான்காகக் குறைந்துவிடுகிறது.

உறுப்புகள் ஏன் இப்படிக் குறைந்துபோயின?

உடல் சுருங்கும்போது பரப்பளவும் கன அளவும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. நீளம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்றாகும், கன அளவு எட்டில் ஒன்றாகும். அதாவது, சிறிய விலங்குக்கு அதன் உடலோடு ஒப்பிடத் தோல் மிக அதிகம். ஈரம் விரைவாக வெளியேறும். ஈரமான தாள்களை அடுக்கியதுபோன்ற புத்தக நுரையீரல் இந்த நிலையில் ஆபத்தான ஆடம்பரம். மெல்லிய மூச்சுக்குழல்கள் நீரைக் குறைவாக இழந்து ஆக்சிஜனை நேரே திசுவுக்குக் கொண்டுபோகின்றன. சின்னஞ்சிறு சிலந்திகளில் நுரையீரல் மறைந்ததற்கு இதை ஒரு காரணமாகக் கருதுகிறார்கள். இவை பாசியிலும் மக்கிய சருகிலும் குகையிலும், எப்போதும் ஈரம் தங்கும் இடங்களில் வாழ்வதும் இதனோடு பொருந்துகிறது.

அப்படியானால் இந்த இல்லாமைகளை வைத்தே குடும்பத்தை அடையாளம் கண்டுவிடலாமே?

இங்கேதான் பொறி இருக்கிறது. இருவருக்குத் தலையில் முடி இல்லை என்பதால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள். உடல் சிறுத்தால் நுரையீரல் தேவையற்றுப் போகும் என்றால், தொடர்பே இல்லாத இரண்டு வம்சங்கள் தனித்தனியாகச் சிறுத்து, தனித்தனியாக நுரையீரலை இழந்திருக்கலாம். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், உறவு இருக்காது.

இருப்பது உறவைக் காட்டுவதுபோல் இல்லாமை காட்டுவதில்லை. ஆணின் உணர்கால் நுனியில் ஒரு குறிப்பிட்ட வளைவும் அதன் மேல் ஒரு குறிப்பிட்ட முள்ளும் இரண்டு சிலந்திகளில் ஒன்றுபோல் இருந்தால், தற்செயல் என்று தள்ளுவது கடினம். ஒரு கண் குறைந்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. சிறு சிலந்திகளை வகைப்படுத்துவோரின் துயரம், அவர்கள் கையில் உள்ள சான்றுகளில் பாதி இழப்புகளாக இருப்பதுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் குடும்பத்தின் வரலாறு முழுவதும் புரிந்துவிடும்.

அந்த வரலாறு என்ன?

1931-இல் டாஸ்மேனியாவில் வெர்னன் விக்டர் ஹிக்மன் ஒரு சிறு உருண்டைச் சிலந்தியைக் கண்டார். தாடைகள் ஒட்டியிருந்தன. அதுவரை வகுக்கப்பட்ட எந்தக் குடும்பத்திலும் அது அடங்கவில்லை. சிம்ஃபைட்டோக்னாதா குளோபோசா என்று பெயரிட்டு, அதற்காகவே புதுக் குடும்பத்தை உருவாக்கினார்.

1959-இல் ஃபார்ஸ்டர் இந்தக் குடும்பத்தை விரிவாக ஆராய்ந்தார். பாட்டு மார்ப்ளெசி அந்த ஆண்டில்தான் பெயர் பெற்றது. அப்போது அவர் குடும்பத்தின் வேலியை அகலமாக்கினார். அனாபிடே, மிஸ்மெனிடே போன்ற மற்றச் சிறு சிலந்திகளும் ஒரே கூரையின் கீழ் வந்தன. சிறுமை, குறைந்த உறுப்புகள், மூச்சுக்குழல் என்று பொது அம்சங்கள் ஏராளமாக இருந்தன.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1977-இல் அதே ஃபார்ஸ்டர் பிளாட்னிக்கோடு சேர்ந்து அந்த வேலியைப் பிடுங்கி உள்ளே நகர்த்தினார். பொதுவான இழப்புகள் போதாது என்று கண்டார்கள். தாடை ஒட்டிய சிலந்திகள் மட்டும் உள்ளே. மற்றவை அவரவர் குடும்பத்துக்குத் திரும்பின. பாட்டு டிகுவா அறிமுகமானது அந்தத் திருத்தத்தின்போதுதான். "மிகச் சிறிய சிலந்தி" என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஓர் அறிஞர் தன் பழைய முடிவைத் தானே முன்வந்து மாற்றி எழுதிய செய்தி நிபுணர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் பெரிது.

நெருங்கிய உறவுக் குடும்பங்கள் எவை? மரபணு ஆய்வு விடை தந்துவிட்டதா?

அனாபிடே, மிஸ்மெனிடே, தெரிடியோசோமாடிடே, சினாஃப்ரிடே ஆகியவை வழக்கமாக இதனோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. 1998-இல் சார்லஸ் கிரிஸ்வோல்டும் உடன் பணியாற்றியோரும் உடலமைப்பை ஒப்பிட்டுச் செய்த பெரிய ஆய்வு, அனாபிடேவைத்தான் சிம்ஃபைட்டோக்னாதிடேவின் மிக நெருங்கிய உறவாகக் காட்டியது.

டி.என்.ஏ. வந்த பிறகு விவாதம் இன்னும் சூடுபிடித்தது. ஆய்வுகள் எல்லாம் ஒரே விடையைத் தரவில்லை. சில, இந்தக் குடும்பங்களை ஒரே கிளையில் சேர்த்தன, சில, சிதறடித்தன. எத்தனை மரபணுக்கள், எந்தச் சிற்றினங்கள், எந்தக் கணக்கீட்டு முறை என்பதைப் பொறுத்துக் கிளைகள் இடம் மாறின. அரை மில்லிமீட்டர் விலங்கிலிருந்து கிடைக்கும் டி.என்.ஏ.வும் துளியளவே. மறுபக்கம், மைக்ரோஃபோல்கொம்மாடிடே என்று தனியாக இருந்த ஒரு குடும்பம் அனாபிடேவுக்குள் இணைக்கப்பட்டுவிட்டது. வேலிகள் இன்றும் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெயருக்குப் பின்னால் ஆள் பெயரும் ஆண்டும் எழுதுகிறார்களே, ஏன்? சிலவற்றில் மட்டும் அடைப்புக்குறி இருக்கிறதே?

முதலில் விவரித்தவரும் ஆண்டும் அவை. "பாட்டு டிகுவா ஃபார்ஸ்டர் & பிளாட்னிக், 1977" என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், முதலில் வைக்கப்பட்ட அதே பேரினத்தில் இன்றும் இருக்கிறது என்று பொருள். அடைப்புக்குறி இருந்தால் பிறகு வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது. வீடுகளில் மெல்லிய நீண்ட கால்களோடு தலைகீழாகத் தொங்கும் ஃபோல்கஸ் ஃபாலாஞ்சியோய்டிஸ் சிலந்திக்கு (ஃபூஸ்லின், 1775) என்று அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள். ஒரு சிறு குறியில் ஒரு இடமாற்றக் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது.

இதனோடு தொடர்புடைய இன்னொரு செய்தி. விலங்குகளின் அறிவியல் பெயர்கள் எல்லாம் லின்னேயசின் 1758-ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகின்றன என்பது விதி. சிலந்திகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சுவீடனைச் சேர்ந்த கார்ல் கிளெர்க் 1757-இல் தன் நாட்டுச் சிலந்திகளை ஒழுங்காக இருபெயர் முறையில் வெளியிட்டிருந்தார். அவர் வைத்த பெயர்களுக்கே முன்னுரிமை.

செடியில் ஊரும் செஞ்சிலந்தி இதைவிடச் சிறியதாக இருக்கிறதே?

அது சிலந்தியே இல்லை. செஞ்சிலந்தி, சிலந்திப்பேன் என்று வழங்கப்படுபவை உண்ணிகளின் உறவினர்கள். மழைக்குப் பின் மண்ணில் சிவப்புப் பட்டுத் துணுக்குபோல் ஊரும் தம்பலப்பூச்சியும் அப்படியே. எட்டுக் கால்கள் இருப்பதாலும், செஞ்சிலந்தி இலையில் மெல்லிய நூல் விடுவதாலும் சிலந்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையான சிலந்திக்கு உடல் இரண்டு பகுதி. தலைமார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குறுகிய இடுப்பு இருக்கும். உண்ணி இனத்தில் அந்த இடுப்பு இல்லை, முழு உடலும் ஒரே மூட்டையாகத் தெரியும். சிலந்தி நூலைப் பின்பக்க உறுப்புகளிலிருந்து விடும்; செஞ்சிலந்தி வாய்ப்பகுதியிலிருந்து விடும். ஒரு லென்ஸ் இருந்தால் இடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கணுக்காலிகளுக்குள் சிறுமையில் சிலந்தி முதலிடத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டைகோபோமார்ஃபா எக்மெப்டெரிகிஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியின் ஆண் 0.139 மி.மீ. மட்டுமே. பாட்டு டிகுவா அதன் பக்கத்தில் ஒரு பெரிய மிருகம்.

இவ்வளவு சிறிய உடலில் மூளை எப்படி அடங்குகிறது?

முழுவதும் அடங்குவதில்லை, கால்களுக்குள் வழிந்துவிடுகிறது. பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனமும் கோஸ்டாரிகா பல்கலைக்கழகமும் சார்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் வலை பின்னும் ஒன்பது சிலந்திச் சிற்றினங்களை வெட்டி அளந்து பார்த்தார்கள். மிகச் சிறியவற்றில் மைய நரம்பு மண்டலம் தலைமார்பின் உட்குழியில் ஏறத்தாழ 80 சதவீதத்தை நிரப்பியிருந்தது, கால்களின் அடிப்பகுதிக்குள்ளும் புகுந்திருந்தது. சில குஞ்சுகளுக்கு மார்புத் தட்டே வெளியே புடைத்திருந்தது. உள்ளே இருந்தது மூளை. வளர்ந்த பிறகு அந்தப் புடைப்பு மறைந்துவிடுகிறது. அவர்கள் பார்த்த மிகச் சிறியவை அனாபிடே, மிஸ்மெனிடே போன்ற உறவுக் குடும்பங்களைச் சேர்ந்தவை.

காரணம் எளிது. நரம்பணுவை ஓர் எல்லைக்குக் கீழே சுருக்க முடியாது; உள்ளே மரபுப்பொருள் இருக்கும் உட்கருவுக்கு இடம் வேண்டும். உடல் சுருங்கச் சுருங்க, மூளை அதே விகிதத்தில் சுருங்க மறுக்கிறது.

அவ்வளவு நெருக்கடியிலும் வேலை பிசகுவதில்லை என்பதுதான் வியப்பு. வில்லியம் எபர்ஹார்ட் 2007-இல் 0.005 மில்லிகிராம் அளவே எடையுள்ள அனாபிசோனா சைமோனி குஞ்சுகளின் வலைகளைப் பெரிய சிலந்திகளின் வலைகளோடு ஒப்பிட்டார். இழைகளின் இடைவெளியைச் சீராக வைப்பதில் சின்னவை பின்தங்கவில்லை.

வலை கட்டுமா?

கட்டும், அதுவும் மிக நுட்பமாக. இந்தக் குடும்பத்தின் வட்டவலை பெரும்பாலும் தரைக்குக் கிடையாக, சருகு இடுக்கிலும் பாசிக் குழியிலும் விரிந்திருக்கும். நாம் தோட்டத்தில் பார்க்கும் செங்குத்தான வலையில், மையத்திலிருந்து ஆரைகளை இழுத்து முடித்த பிறகு ஒட்டும் சுருளைச் சுற்றுவார்கள், அதோடு வேலை முடியும். இவை சுருளைச் சுற்றி முடித்த பின்னும் ஓய்வதில்லை. மறுபடியும் மையத்துக்கும் விளிம்புக்கும் நடந்து, ஏற்கனவே உள்ள ஆரைகளுக்கு நடுவில் கூடுதல் ஆரைகளை இழுக்கின்றன. முடிவில் அது வலையாகத் தெரியாது. மெல்லிய துணியாகத் தெரியும். அனாபிடேவும் இப்படிக் கூடுதல் ஆரை இழுப்பதால், இரண்டும் உறவு என்று வாதிடுவோருக்கு இந்த நடத்தை ஒரு நல்ல சான்று. உறுப்பின் இழப்பைவிட, படிப்படியான ஒரு வேலைமுறை பொதுவாக இருப்பது வலுவான சாட்சி என்றே நானும் நினைக்கிறேன்.

குடும்பத்தில் எல்லோருமே வலை கட்டுபவர்களா?

குரிமாகுவா பேரினத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. பனாமாவின் குரிமாகுவா பயானோ தன்னைவிடப் பன்மடங்கு பெரிய டிப்ளூரா சிலந்தியின் முதுகில் குடியிருக்கிறது. அந்தப் பெரிய சிலந்தி இரையைப் பிடித்துச் செரிமான நீரால் கரைக்கத் தொடங்கியதும், இது முதுகிலிருந்து வாய்ப்பக்கம் இறங்கிவந்து அதே கரைசலைக் குடிக்கிறது. வீட்டுக்காரருக்கு இருப்பதுகூடத் தெரியாத விருந்தாளி. ஃபிரிட்ஸ் ஃபோல்ராத் 1978-இல் இதை விவரித்தார்.

கடிக்குமா?

மனிதரைக் கடிக்க வழியே இல்லை. நம் தோலைத் துளைக்கும் அளவு பல் இல்லை.

கண்ணுக்கே தெரியாததை எப்படிச் சேகரிக்கிறார்கள்?

தேடிப் பிடிப்பதைவிட, அதுவாக வந்து விழச் செய்கிறார்கள். சருகையும் பாசியையும் அள்ளிவந்து, அடியில் சல்லடை வைத்த புனலில் போட்டு, மேலே விளக்கை எரியவிடுகிறார்கள். மேற்பகுதி காய்ந்து சூடாகும். ஈரத்தையும் இருட்டையும் விரும்பும் உயிர்கள் கீழே கீழே இறங்கி, கடைசியில் புனலின் வாய் வழியாகச் சாராயக் குப்பிக்குள் விழும். இத்தாலியின் அன்டோனியோ பெர்லீசியும் சுவீடனின் ஆல்பர்ட் டுல்கிரெனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்தக் கருவிக்கு அவர்கள் இருவரின் பெயரே நிலைத்துவிட்டது. குப்பியில் விழுந்தவற்றை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரிப்பது அடுத்த வேலை. அதில் பொறுமை இல்லாதவர் கையில் இந்தச் சிலந்திகள் தூசியோடு தூசியாகப் போய்விடும். உலகச் சிலந்திப் பட்டியலில் சிற்றினங்களின் எண்ணிக்கை 2022-இல் 50,000-ஐத் தொட்டது. இன்னும் பெயர் பெறாதவற்றில் இப்படிப்பட்ட குட்டிகள் நிறைய இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இந்தக் குப்பிகள்தாம்.

பெயர் வைப்பதால் அந்த உயிருக்கு என்ன பயன்?

போர்ச்சுகலின் கதையைச் சொல்கிறேன். செசிம்ப்ரா பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் ஃப்ராடே குகைகள் இருக்கின்றன. அங்கே வாழும் ஒரு சிலந்தியை 2009-இல் பெட்ரோ கார்டோசோவும் நிகோலாய் ஷார்ஃபும் அனாபிஸ்டுலா அட்டேசினா என்று விவரித்தார்கள். ஐரோப்பாவில் இந்தக் குடும்பம் பதிவானது அதுவே முதல்முறை. கிடைத்தவை எல்லாம் பெண்கள். பெயரும் விவரிப்பும் வந்த பிறகுதான் அதன் நிலையை மதிப்பிட முடிந்தது. மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிர்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. பெயர் இல்லாத உயிரை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. அது வாழும் பாறையை வெட்டியெடுத்தால், வெட்டியவருக்கும் எதை அழித்தோம் என்று தெரியாது.

நான் ஒரு குட்டிச் சிலந்தியைப் படம் பிடித்தால் சிற்றினத்தைச் சொல்ல முடியுமா?

இந்த அளவுச் சிலந்தியில், படத்தை மட்டும் பார்த்துச் சொல்வது இயலாது. தாடை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவே முன்பக்கத்திலிருந்து வலுவான உருப்பெருக்கம் வேண்டும். பெண்ணின் உள்ளுறுப்பைப் பார்க்க உடலை வேதிப்பொருளில் ஊறவைத்துத் தெளிவாக்க வேண்டும். ஆணின் உணர்காலுக்குப் பெரும்பாலும் மின்னணு நுண்ணோக்கியே தேவைப்படும். ஆனால் எங்கே, எப்போது, எந்தச் சருகடியில், வலை கிடையாக இருந்ததா செங்குத்தாக இருந்ததா என்று நீங்கள் குறித்துவைத்தால் அது வீண்போகாது. குப்பியில் விழுந்த சிலந்தி தன் வலையைக் கூடவே கொண்டுவருவதில்லை. வலையின் படம் எடுக்கும்போது, இழைகள் தெரிய ஒளியைப் பக்கவாட்டிலிருந்து விழச் செய்யுங்கள்.